கரீபியக் கடலில் கப்பல் பறிமுதல்: சட்டமும் நடைமுறையும்

1660-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய கப்பல் போக்குவரத்துச் சட்டத்தின்படி, அதன் குடியேற்ற நாடுகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல் இங்கிலாந்துக்காரருக்கோ குடியேற்றவாசிக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். கப்பல் தலைவரும் மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினரும் அந்நாட்டுக் குடிகளாக இருக்க வேண்டும். மீறினால் கப்பலோடு சரக்கும் பறிமுதல்.

இந்தச் சட்டம் 1783-இல்தான் கரீபியத்தின் பிரிட்டிஷ் தீவுகளைக் கடுமையாகக் கடித்தது. அமெரிக்கா விடுதலை பெற்றதும், அதுவரை உள்ளூர்க்காரராக இருந்த பாஸ்டன் வணிகர் அந்நியர் ஆகிவிட்டார். அமெரிக்க மரம், மாவு, சோளம், அரிசி ஆகியவை வரலாம், ஆனால் பிரிட்டிஷ் கப்பலில் மட்டும் என்று அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி லண்டன் ஆணையிட்டது. அமெரிக்க இறைச்சிக்கும் மீனுக்கும் அந்த வழியும் இல்லை. தீவுகளிலோ நல்ல நிலமெல்லாம் கரும்பு. அடிமைகளின் சாப்பாட்டில் பெரும்பங்கும், சர்க்கரை அடைக்கும் பீப்பாய்க்கான பலகையும் வட அமெரிக்காவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. அடுத்தடுத்து வந்த புயல்களோடு இந்தத் தடையும் சேர்ந்தது. 1780-இன் கடைசியிலிருந்து 1787-இன் தொடக்கம்வரை பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் 15,000 அடிமைகள் மாண்டதாக ஜமைக்கா சட்டமன்றம் கணக்கிட்டது. தோட்ட முதலாளியும் சுங்க அதிகாரியும் அமெரிக்கக் கப்பலைக் கண்டும் காணாமல் விட்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் கப்பல்களைக் கடற்படை பிடிப்பதற்குக் காற்று பெரிய உதவி. அங்கே ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்துதான் காற்று. நெவிஸ், செயின்ட் கிட்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே, ஆன்டிகுவா தீவின் இங்கிலீஷ் ஹார்பரில் கடற்படைத் தளம் இருந்தது. வணிகக் கப்பல்களோ அலை குறைவு என்று தீவின் மேற்குப் பக்கத்தில் நங்கூரமிடும். தளத்திலிருந்து போர்க்கப்பல் காற்றோடு இறங்கி வரலாம். திரும்புவதுதான் பாடு: எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாற்றி மாற்றி ஏற வேண்டும்.

பிறகு ஒரு படகில் லெப்டினன்ட் போய்த் தாள்களைக் கேட்பார். முதலில் பதிவுச் சான்று: எங்கே கட்டியது, எத்தனை டன், யார் உரிமையாளர். பிறகு சரக்குச் சீட்டு, மாலுமிப் பட்டியல். கொடியை நம்பி எதுவும் முடிவாகாது. தீவுக் கொடியை யாரும் ஏற்றிக்கொள்ளலாம். பதிவுச் சான்றையும் பொய் சொல்லி வாங்க முடிந்தது. இன்னொரு தந்திரம், ‘ஆபத்து’ என்று துறைக்குள் நுழைவது. பாய்மரம் விரிசல், அடியில் நீர்க்கசிவு என்று தலைவர் சத்தியம் செய்வார். பழுதுபார்க்கப் பணம் வேண்டுமே என்று சரக்கை விற்கச் சுங்கம் அனுமதி கொடுத்துவிடும். பாய்மரம் சரியாகும் முன் சரக்கு முழுதும் கரையேறியிருக்கும்!

அதனால் மாலுமிகளின் வாய்மொழிதான் வலுவான சாட்சி. 1785 மே மாதம் நெவிஸில் தீவுக் கொடியோடு நின்ற நான்கு கப்பல்களை, ‘போரியஸ்’ என்ற 28 பீரங்கி ஃபிரிகேட்டின் (வேகமான போர்க்கப்பல்) கேப்டன் ஹொரேஷியோ நெல்சன் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 26. முதலில் 48 மணி நேரக் கெடு கொடுத்தார். அவர்கள் நகரவில்லை. பிறகு தலைவர்களைத் தன் அறைக்கு அழைத்து, கடல்சார் நீதிமன்ற நீதிபதியை அருகில் வைத்துக்கொண்டு விசாரித்தார். அமெரிக்கக் கப்பல்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. தீர்ப்பு நீதிபதி ஒருவருடையது. 1764-ஆம் ஆண்டுச் சட்டம், தவறில்லை என்று நிரூபிக்கும் சுமையை உரிமையாளர் தலையில் போட்டது. வழக்காட வருபவர் 60 பவுண்டு ஜாமீனும் கட்ட வேண்டும். பறிமுதல் உறுதியானால் கப்பல் ஏலத்துக்குப் போகும். அரசுப் போர்க்கப்பல் கடலில் பிடித்திருந்தால், 1660 சட்டப்படி பாதி அரசருக்கு, பாதி பிடித்தவர்களுக்கு. செலவு போக 1,000 பவுண்டு தேறியது என்று வைத்துக்கொள்வோம். பிடித்தவர்களின் 500-ஐ எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 62½ பவுண்டு. கேப்டனுக்கு மூன்று பங்கு, அதில் ஒன்று அவருடைய அட்மிரலுக்கு. சாதாரண மாலுமிகளுக்கு இரண்டு பங்கு, 125 பவுண்டு. 150 பேர் பிரித்தால் ஆளுக்கு ஒரு பவுண்டுகூடத் தேறாது.

கேப்டனுக்கு ஆபத்து கரையில் இருந்தது. பிடித்ததற்குத் தக்க காரணம் இருந்ததாக நீதிபதி சான்று தந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மிரட்டினார், அடைத்துவைத்தார் என்று சாதாரண நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டால்? அங்கே ஜூரியாக உட்காருபவர்கள், சரக்கு வராமல் நஷ்டப்பட்ட அதே தீவுக்காரர்கள். நெல்சன் மீது 40,000 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். உருவிய வாளோடு ஒருவன் காவல் நின்றான், உயிருக்குப் பயந்து சொன்னோம் என்றார்கள் கப்பல் தலைவர்கள். கரையில் கால் வைத்தால் கைது என்பதால் நெல்சன் சுமார் எட்டு வாரம் கப்பலிலேயே கிடந்தார். நெவிஸ் தீவின் தலைவர் ஜான் ஹெர்பர்ட் 10,000 பவுண்டுக்கு ஜாமீன் நிற்க முன்வந்தார். இந்தத் தடையால் அவருக்கும் நஷ்டம்தான், ஆனாலும் முன்வந்தார்!

கடைசியில் வழக்குச் செலவை அரசே ஏற்றது. வணிகத்தைக் காத்ததற்கான கருவூலத்தின் நன்றிக் கடிதம் நெல்சனுக்கு வரவில்லை. அவருடைய மேலதிகாரி ரியர் அட்மிரல் ரிச்சர்ட் ஹியூஸுக்குப் போனது. அந்நியக் கப்பலை அனுமதிப்பதும் மறுப்பதும் ஆளுநர்கள் பாடு, நீங்கள் தலையிட வேண்டாம் என்று கேப்டன்களுக்கு முன்பு உத்தரவு போட்டவர் அவர்தான்.