குளோரைடு அகமடை: இதயத் தசைக்கலத்துக்குள் ஒரு சொல்லைத் தேடி

உயிரியல் கட்டுரைகளில் ‘குளோரைடு இன்ட்ராசெல்லுலார் சேனல்’ என்றொரு பெயர் வரும். சுருக்கமாகக் ‘கிளிக்’ என்பார்கள். பாலூட்டிகளில் கிளிக் 1 முதல் கிளிக் 6 வரை ஆறு புரதங்கள் உண்டு. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்க்குமுன், பெயரிலுள்ள மூன்று சொற்களையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

குளோரைடுக்கு மூலம் குளோரின். இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும் ‘குளோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1810இல் ஹம்ப்ரி டேவி அந்தப் பெயரை வைத்தார். வாயுவுக்குத்தான் அந்த நிறம். நம் சமையல் உப்பிலும் இரத்தத்திலும் இருக்கும் குளோரைடு அயனிக்கு நிறமே கிடையாது. தனிமப் பெயர் என்பதால் இதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

‘இன்ட்ரா’ என்றால் உள்ளே, லத்தீன். ‘செல்’லும் லத்தீன்தான், சிறு அறை என்று பொருள். ஆனால் இதயத் தசைச் செல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கார்டியோமயோசைட்’ முழுக்கக் கிரேக்கம். ‘கார்டியா’ இதயம், ‘மைஸ்’ தசை, ‘கைட்டோஸ்’ உள்ளீடற்ற பாத்திரம். பாத்திரத்துக்கு நம் பழைய சொல் கலம். இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் ‘கலம்’ என்றே எழுதுகின்றன. அந்த வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இதயத் தசைக்கலம்’ என்று எழுதினால் கிரேக்கச் சொல்லின் மூன்று துண்டுகளும் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

சிக்கல் ‘சேனல்’ என்ற சொல்லில்தான். நாணலைக் குறிக்கும் ‘கன்னா’விலிருந்து ‘கனாலிஸ்’ வந்தது, அதன் வழியில் வந்தது சேனல். நாணல் தண்டுபோல் நீண்ட குழாய் என்பது அடிப்படைப் பொருள். அதனால்தான் நம்மவர்களும் ‘கால்வாய்’, ‘வாய்க்கால்’, ‘தடம்’ என்று பெயர்த்தார்கள். ஆனால் இந்தப் புரதம் எங்கேயும் நீண்டு ஓடுவதில்லை. மெல்லிய சவ்வு ஒன்றின் குறுக்கே ஒரு துளையாக இருந்து அயனிகளைக் கடக்கவிடுகிறது.

வயலில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வாய்க்கால் நெடுக ஓடி வருகிறது. வரப்பில் ஓரிடத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்தால் தண்ணீர் வயலுக்குள் இறங்குகிறது, அதே மண்ணைத் திருப்பி வைத்து மிதித்தால் நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்குப் பெயர் மடை. சவ்வுதான் வரப்பு, புரதம்தான் மடை. திறப்பதும் அடைப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘குளோரைடு அகமடை’ என்பேன். மூலப்பெயரின் சொல்வரிசையும் மாறவில்லை.

சரி, ‘அக’ எதற்கு? பெரும்பாலான அயனி மடைகளைப் பற்றிப் பேசும்போது கலத்தின் வெளிச்சவ்வுதான் நினைவுக்கு வரும். அகமடைகளோ கலத்துக்குள்ளே இருக்கும் நுண்ணுறுப்புகளின் சவ்வுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இதயத் தசைக்கலத்தில் எவை எங்கே என்பதை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அகமடை 4, இழைமணியின் வெளிச்சவ்வில். அகமடை 5, அதன் உட்சவ்வில். அகமடை 1, பெரும்பாலும் கலத்துக்குள் வலைபோல் பரவியிருக்கும் சவ்வமைப்பான அகக்கலவுருச் சிறுவலையில் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்).

‘இழைமணி’ என்றது மைட்டோகாண்ட்ரியாவை. 1898இல் கார்ல் பெண்டா ‘மைட்டோஸ்’ என்ற இழையையும் ‘கோண்ட்ரியான்’ என்ற சிறுமணியையும் சேர்த்து வைத்த பெயருக்கு நேரான தமிழ் அது. ஓயாமல் துடிக்கும் இதயத்துக்கு ஆற்றல் நிறைய வேண்டும். அதனால் அதன் தசைக்கலத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைமணிகளே. அவற்றின் இரண்டு சவ்வுகளிலும் இரு வேறு அகமடைகள் இருப்பது சும்மா இல்லை. இழைமணியில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அளவை நெறிப்படுத்துவதில் அகமடை 5க்குப் பங்கு உண்டு. மாரடைப்பில் நின்றுபோன இரத்தம் மீண்டும் பாயும்போது இதயம் சேதமாவதில் இந்த மூலக்கூறுகளுக்குப் பெரிய பங்கு என்பதால் அந்த இருப்பிடம் முக்கியமாகிறது. சிறுவலையும் இழைமணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இணைப்புச் சவ்வுகளிலும் அகமடை 4 இருப்பது பின்னர் தெரியவந்தது.

இன்னொரு விநோதம். இதே புரதங்கள் கலத்தின் நீர்மத்தில் கரைந்து மிதக்கவும் செய்யும், சவ்வில் செருகிக்கொள்ளவும் செய்யும். கரைந்திருக்கும்போது இவற்றின் வடிவம் ‘குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ்’ என்ற நொதியை ஒத்திருக்கிறது. உயிருள்ள கலத்தில் இவை உண்மையிலேயே அயனி மடைகளாகத்தான் வேலை செய்கின்றனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், ‘அகமடை 5 இழைமணியின் உட்சவ்வில் உள்ளது’ என்று வகுப்பில் ஒரு ஆசிரியர் சொன்னால், பிள்ளைகளுக்கு அதன் இடமும் வேலையும் ஒருசேர மனதில் வந்துவிடும்.