மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

கச்சேரி தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. மேடையில் மிருதங்கக்காரர் மும்முரமாக இருக்கிறார். இடப்பக்கத்துத் தொப்பியின் நடுவில், நீர் விட்டுப் பிசைந்த ரவையை அப்புகிறார். பிறகு வலந்தலையைத் தன் பக்கம் திருப்பி, விளிம்புப் பின்னலைக் கல்லால் தட்டுகிறார். மேலிருந்து தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். தட்டுவதும் தம்பூராவுக்குக் காது கொடுப்பதுமாக வட்டம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்.

பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட காட்சி இது. ஆனால் ஒரு தோற்கருவி இப்படித் தம்பூராவோடு சேர்ந்து ஒலிப்பது எளிதில் நடக்கிற காரியம் அல்ல. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே எழும். முழு எண் மடங்குகளாக இருப்பதால்தான் அவை எல்லாம் ஒன்றுகலந்து ஒரே சுரமாக நம் காதில் விழுகின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். அதனால் ஓசை வரும், சுரம் வராது.

வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்தான் இதை மாற்றுகிறது. கரணை என்றும் சாதம் என்றும் அதைச் சொல்வார்கள். அதன் வேலையை இயற்பியல் மொழியில் முதலில் விளக்கியவர் சி.வி. ராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றிச் சுருக்கமான குறிப்பு ஒன்றை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்ற பிறகும் அவர் இதை விடவில்லை. 1934இல் இந்திய மேளங்களைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். ஒளிச்சிதறலுக்காக உலகம் கொண்டாடிய ஒருவர், கையில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு அதன் தோலில் நுண்மணலைத் தூவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

மணல் எதற்கு? தோல் அதிரும்போது சில இடங்கள் எழும்பித் தாழும், சில கோடுகள் மட்டும் அசையாமல் இருக்கும். தூவிய மணல் அசையும் இடங்களிலிருந்து துள்ளி விலகி, அசையாத கோடுகளில் போய்ச் சேரும். தோல் எந்த வகையில் அதிர்கிறது என்பதை அந்தக் கோலமே காட்டிவிடும். விரலை ஓரிடத்தில் மெல்ல வைத்து வேறிடத்தில் தட்டினால் கோலம் மாறும். இப்படி ஒன்பது அதிர்வு வகைகளை அடையாளம் கண்ட ராமன், அவை ஒன்பது வெவ்வேறு அதிர்வெண்களாகச் சிதறாமல் ஐந்து கூட்டங்களாகச் சேர்வதைக் காட்டினார். அந்த ஐந்தும் ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் அமைகின்றன. தந்தியின் ஒழுங்கு தோலுக்கு வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது கடினம் அல்ல. அடிப்படை அதிர்வில் தோல் முழுவதும் ஒன்றாக எழும்பித் தாழ்கிறது. நடுப்பகுதிதான் அதிகம் அசைகிறது. அங்கே கரணையின் எடை இருப்பதால் அந்த அதிர்வு வெகுவாக மந்தமாகிறது. அடுத்த வகையில் வட்டத்தின் ஒரு பாதி எழும்போது மறுபாதி தாழ்கிறது; நடுமையம் அசைவதே இல்லை. ஆகவே கரணையின் பாரம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முதல் அதிர்வெண் நிறையக் குறைந்து இரண்டாவது கொஞ்சமே குறைந்தால், இடையிலுள்ள விகிதம் விரியும். 1.59 மெல்ல 2 ஆகிறது. 2.14, 2.30 இரண்டும் 3ஐ நோக்கி நகர்ந்து ஒன்றாகச் சேர்கின்றன. மிருதங்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் உண்டு. 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெல்லப் படிந்திருக்கும். ஆள்காட்டி விரல் மீட்டு எனப்படும் விளிம்புத் தோல் வளையத்தில் விழும். அந்த மோதிர விரல், தான் இருக்கும் இடத்தில் அசைவைக் கோரும் அடிப்படை அதிர்வை அடக்கிவிட்டு மேலடுக்கு அதிர்வுகளை ஒலிக்கவிடுகிறது. 'நம்' அவ்வளவு தெளிவாகக் கணீரென்று ஒலிப்பது அதனால்தான்.

பிறகு கணக்கு வந்தது. 1954இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும் இதை இரண்டு அடர்த்திகள் கொண்ட ஒரே தோலாகக் கொண்டு சமன்பாடு அமைத்துத் தீர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் ராசிங் வேறு வழியில் போனார். கரணையை மெல்லிய அடுக்குகளாக, ஏறத்தாழ நூறு அடுக்குகள் வரை போடவைத்து, இடையிடையே ஒலியைப் பதிவுசெய்துகொண்டே வந்தார். அடுக்குகள் ஏற ஏற, ஒட்டாமல் நின்ற அதிர்வெண்கள் ஒன்றையொன்று நெருங்கி வரிசைக்கு வருவது வரைபடத்தில் தெரிந்தது.

அந்த நூறு அடுக்குகளைப் பட்டறையில் போடுகிறவரைப் பாருங்கள். கிட்டான் என்ற கறுப்புக் கல்லை இடித்துச் சலித்த கறுப்புப் பொடியையும் குழைந்த சோற்றையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருக்கிறார். கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்துத் தோலில் பூசுகிறார். வழுவழுப்பான கல்லை எடுத்து, அது காய்ந்து சூடேறும் வரை தேய்க்கிறார். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. மேலே போகப் போக வட்டம் சிறிதாகிறது. தேய்ப்பதில் கரணை முழுவதும் நுண்ணிய வெடிப்புகள் விடுகின்றன. அந்த வெடிப்புகள் அவசியம்: அவை இல்லாவிட்டால் கரணை வறட்டித் துண்டு போல விறைத்து நின்று தோலை அதிரவிடாது. எடை வேண்டும், விறைப்பு கூடாது என்பதை இயற்பியலாளர் எழுதுவார். கைவினைஞர் தட்டிக் கேட்டே அறிகிறார். வலந்தலையில் அடுக்காக உள்ள தோல்களுக்கு இடையே ஈர்க்குச்சிகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். சிறு கல் துகள்களை வைத்தால் கப்பி மிருதங்கம். இரண்டுக்கும் நாதம் வேறு.

இயற்பியல் இவ்வளவு சொல்லியும், மிருதங்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றில் பெரும்பகுதி மீதம் இருக்கிறது. அமெரிக்காவில் இன இசையியலாளர் ராபர்ட் பிரவுன் 1965இல் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். அவரது ஆய்வுக்கருவி மணலோ சமன்பாடோ அல்ல, தன் கைகள்தான். தஞ்சாவூர் ரங்கநாதனிடம் மாணவராக உட்கார்ந்து தாளக் கணக்குகளைக் கற்றார். இன்னோர் ஊரின் இசையைப் புரிந்துகொள்ள அதை வாசிக்கக் கற்கவேண்டும் என்பதே இன இசையியல் துறையில் ஓர் ஆய்வுமுறையாக நிலைபெற்றது. ஆய்வகத்தில் ஆய்வாளர் தன்னை விலக்கி வைத்துக்கொள்வார். இங்கே தன்னையே உள்ளே கொண்டுபோய் வைக்கிறார். இரண்டும் கடுமையான ஒழுங்குதான்.

கல்வி ஆய்வாளருக்கு மிருதங்க வகுப்பில் வேறொன்று கண்ணில் படும். முதல் நாள் பிள்ளை கற்பது 'தா தி தொம் நம்'. கையால் வாசிப்பதை வாயாலும் சொல்லவேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒரு விரலையும் ஓரிடத்தையும் குறிக்கிறது. எழுத்தோ குறியீடோ இல்லாமல், கேட்டும் சொல்லியும் மட்டுமே சிக்கலான தாளக் கோவைகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 2011இல் பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் தலைமையேற்றுத் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' என்ற கணினி இசை ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. ஒலிப்பதிவைக் கேட்டு 'தொம்' எது, 'நம்' எது என்று கணினி பிரித்தறிவதும் அப்போது ஓர் ஆய்வுக் கேள்வியானது. கணினிக்கும் பாடம் அதே சொற்களில்தான்.

நெடுங்காலம் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு: இதைச் செய்பவர் யார்? மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு என மூன்றின் தோலும் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கருவிக்குப் பூஜை நடந்த மேடைகளில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா அவர்களைத் தேடிப்போய்ப் பேசி 2020இல் ஒரு நூல் கொண்டுவந்தார். ஒலியை அளந்த எந்தக் கட்டுரையிலும் இல்லாத தகவல்கள் அதில் கிடைத்தன. ராமனின் பெயருக்குப் பக்கத்தில் இந்தக் கலைஞர்களின் பெயர்களும் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்த தஞ்சாவூர் பர்லாந்து அவர்களில் ஒருவர். வித்வான் நாதத்தில் தனக்கு வேண்டியதைச் சொல்ல, இவர் தோலையும் கரணையையும் மாற்றிப் பார்க்க, மறுபடி இருவரும் சேர்ந்து தட்டிக் கேட்க, அந்தப் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடந்துகொண்டிருந்தது.