குதிரை மேல் ஏறவே வேண்டாம்

போனில் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "மேடம், எத்தனை ரவுண்டு ஏத்துவீங்க?" என்றுதான். மெரினாவில் பார்த்துப் பழகிய கண், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் மனநல ஆலோசகர், குதிரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆலோசனை தருகிறேன். எங்கள் அமர்வுகளில் யாரும் குதிரை மேல் ஏறுவதில்லை.

ஏறிச் செய்யும் சிகிச்சையும் உண்டு, அது உடம்புக்கானது. குதிரை நடக்கும்போது அதன் முதுகில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, தானே நடப்பது போல அசையும். அதனால் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குப் பிசியோதெரபியில் பயன்படுத்துகிறார்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கிய பிறகுதான் ஐரோப்பாவில் இதைப் பலரும் கவனித்தார்கள். நாங்கள் செய்யும் மனசுக்கான வேலை தரையில் நின்றபடிதான் நடக்கும்.

ஏன் குதிரை, நாய் போதாதா? நாய் நம்மைச் சமாதானப்படுத்த ஓடி வரும். குதிரையோ வேட்டையாடப்பட்டே வளர்ந்த இனம், எதிரே நிற்பவர் ஆபத்தா இல்லையா என்பதுதான் அதன் முதல் கவலை. நீங்கள் தோளை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னால் அது தோளைத்தான் நம்பும். 2016-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபமான முகத்தின் போட்டோவைக் காட்டியபோதே குதிரைகளின் இதயத்துடிப்பு சட்டென்று ஏறியிருக்கிறது.

ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). வீட்டில் எப்போதும் கத்தல் என்று மனைவி அழைத்து வந்திருந்தார். அறையில் ஐந்து அமர்வுகள், எல்லாக் கேள்விக்கும் "ஓகேதான் மேடம்." ஆறாவது அமர்வில் எங்கள் வயதான பெண் குதிரையின் கயிற்றைக் கையில் கொடுத்து, வேலி ஓரமாக ஒரு சுற்று நடத்தி வரச் சொன்னேன். இழுத்தார். 400 கிலோவுக்கு மேல் எடை, அது நகருமா? இன்னும் இழுத்தார், குதிரை எரிச்சலில் இரண்டு காதையும் பின்னால் மடக்கிக்கொண்டது. "பழகின குதிரைன்னு சொன்னீங்களே!" என்று என்னிடம் கத்தினார். நான் பதில் சொல்லவில்லை, எங்கள் குதிரைக்காரரும் வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிடம் போயிருக்கும், கை வலித்துக் கயிற்றைத் தளர விட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். குதிரை ஓடி வந்து தோளில் தலை சாய்க்கவெல்லாம் இல்லை, ஒரே ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "என் பையனும் இப்படித்தான் மேடம் நிப்பான்." அன்று அவர்கள் ஒரு அடி கூட நடக்கவில்லை.

இது மந்திரம் இல்லை. நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, ஆகவே டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள். கட்டுப்படாத வலிப்பு, குதிரை முடி அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், சவாரிப் பேக்கேஜுக்கு 'தெரபி' என்று போர்டு மாட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். குதிரைவழி மனநல சிகிச்சைக்காக 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறையில், ஒவ்வொரு அமர்விலும் மனநல நிபுணர் ஒருவரும் குதிரை அறிந்தவர் ஒருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும். நீங்கள் போகிற இடத்தில் அந்த இரண்டு பேர் யார் என்று கேளுங்கள். குதிரையையும் பாருங்கள்: விலா எலும்பு தெரிகிறதா, முதுகில் புண் இருக்கிறதா, பிடிக்காவிட்டால் விலகிப் போக அதற்கு இடம் விடுகிறார்களா?

வரும்போது செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். வெல்லம், கேரட் எதுவும் கொண்டு வர வேண்டாம். அப்புறம் அது உங்களை எங்கே பார்க்கும், உங்கள் பையைத்தான் பார்க்கும்.