"என்னிடம் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு

போன புதன்கிழமை நான் கடை திறக்க வரும்போதே ஒரு ஸ்டுடியோக்காரர் சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். இதே கோளாறுடன் இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது கணினி அது.

ஒன்பது ஆண்டுகளாக எடுத்த கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புப் படங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு குறிப்பு: 980 டாலர் கொடுத்தால் சாவி கிடைக்கும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. ஸ்டாப் டிஜேவியு என்று எங்கள் தொழிலில் சொல்லப்படும் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்.

"கடைசியாக எதை இறக்கினீர்கள், அண்ணே?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். படம் திருத்தும் மென்பொருளுக்கு கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓட்டுவதற்கான திருட்டு வழி. நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதாம், அணைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் நடப்பதாக ஒரு பெட்டி வந்ததாம். சரி, முடியட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டார். அந்த அப்டேட்டே பொய். அவர் டீ குடித்து வருவதற்குள் பாதிப் படங்களுக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் சாதாரண ஆள் தம்பி. என்னை ஏன் குறிவைத்தார்கள்?"

உங்களை யாரும் குறிவைக்கவில்லை. உங்கள் பெயரோ ஊரோ இதைப் பரப்பியவனுக்குத் தெரியாது. கிராக் கோப்பை ஒரு தளத்தில் போட்டு வைத்தான், நீங்கள் போய் எடுத்தீர்கள், அவ்வளவுதான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற இன்னொரு ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் பரவியபோது, ஆள் பார்த்தா பரவியது? பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"என்னிடம் திருட என்ன இருக்கிறது" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். உங்கள் மகளின் காதுகுத்துப் படம் அவனுக்கு நயா பைசா பெறாது. ஆனால் அது போய்விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. அந்தத் தவிப்புக்குத்தான் அவன் விலை கேட்கிறான். அவனுக்குப் பயன்படும் பொருள் உங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. போதாததற்கு, இந்த வகை பல சமயம் கடவுச்சொல் திருடும் நிரலையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொல் ஒன்று போனால் போதும், அதைக் கொண்டு மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிடலாம்.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, சிபியுவின் பின்னாலேயே எப்போதும் செருகியபடி. அதுவும் போய்விட்டது.

இந்த வகை ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். அதனால் நீளமான வீடியோக்களில் கணிசமானதை மீட்டுக் கொடுத்தேன். சிறிய படங்களைக் காப்பாற்ற வழியில்லை.

தயவுசெய்து கேளுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் நிறுவாதீர்கள், சொல்வது உங்கள் மைத்துனராக இருந்தாலும். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் படம் திருத்த ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே கணக்கு எழுதும் கடைகளைப் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள், எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாத டிஸ்க்கை பேக்கப் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் இணையத்தையும் வெளி டிஸ்க்குகளையும் துண்டியுங்கள். பணம் கட்டாதீர்கள். 2020-இல், பூட்டைத் திறப்பதாகச் சொல்லி வந்த ஒரு போலிக் கருவி, ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை இன்னொரு முறை பூட்டியது. அதனால் கண்ட கருவியையும் இறக்காதீர்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இந்த ஸ்டாப் டிஜேவியுவின் பழைய வகைகள் பலவற்றைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டது. டிஸ்க்கை எடுத்து வைத்திருந்தவர்கள் பலருக்குப் படங்கள் திரும்பக் கிடைத்தன. ஸ்டுடியோக்காரரின் டிஸ்க்கிலும் தேதி எழுதி ஒட்டி, பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டுமாம். பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார்.