மகரக்கட்டு உடையும் பையனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பாடகர் குழுவில் நேற்றுவரை கணீரென்று பாடிய பையன், 12 அல்லது 13 வயதில் குரல் உடையும்போது, அதாவது மகரக்கட்டில், திடீரென்று சுருதி விலகுவான். காது கெட்டுவிட்டது என்று ஆசிரியரே முடிவு கட்டிவிடுவதுண்டு. காதுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடித்திருக்கும். பழைய பழக்கத்தில் தொண்டையை இயக்கினால் வேறு ஸ்வரம் வந்து நிற்கும்.

இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் குக்ஸி. அவர் கணக்கில் முதலில் குறைவது குரல் எட்டும் உச்சி; அடி அப்போது அநேகமாக அப்படியே இருக்கும். அதனால்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பேச்சில் மாற்றம் பெரிதாகத் தெரியாது, மேல் ஸ்வரத்தில் மட்டும் காற்று கலக்கும், தாடை தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். "இன்னும் கொஞ்சம் சத்தமாக" என்று அப்போது சொல்வதுதான் மிக மோசமான யோசனை.

மாதம் ஒருமுறை சோதியுங்கள். 20-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி, பேச்சு எந்தக் கட்டையில் நிற்கிறது என்று கீபோர்டில் தேடிப் பிடியுங்கள். அதற்கு 3, 4 அரை ஸ்வரம் (கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்த கட்டைகள்) கீழேதான் அவன் குரலின் அடி. பயிற்சியைக் கீழிருந்து ஏற்றாமல், மேலிருந்து 'ஊ' என்று வழுக்கி இறக்குங்கள். அடித்தொண்டைக் கனத்தை மேலே இழுத்துப் போகும் பழக்கம் அப்படித்தான் குறையும். கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு குரல் பாடல்களில் இன்னொரு சிக்கல். புதிதாக உடைந்த குரலுக்கு டெனர் (ஆண்களின் மேல்குரல்) வரி எட்டாத உயரம், பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரி எட்டாத ஆழம். இரண்டுக்கும் நடுவே 5, 6 ஸ்வரத்துக்குள் அடங்கும் தனி வரி எழுதிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. சோம்பல்பட்டால் பையன் வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொள்வான்.

வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் சிறுவனாகப் பாடிய இசையமைப்பாளர் ஹைடன், குரல் உடைந்த பின் வெளியேற்றப்பட்டவர். சிறுவர்களே நடித்த நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களிலும் மகரக்கட்டு என்றால் பையன்களுக்குக் கிலிதான். பாட்டு போனால் வேஷமும் போய்விடும் நிலை அன்று.

குரலை நம்பியிராத பொறுப்புகளை முன்கூட்டியே பழக்கினால் இந்தக் கிலி பாதி குறையும். இங்கிலாந்துப் பேராலயக் குழுக்களில் புதுப் பையனை மூத்தவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். எந்த வரி போகிறது என்று மூத்தவன் விரல் வைத்துக் காட்டுவான். தவறாகப் பாடியவன் ஒத்திகையில் தானே கையை உயர்த்துவான், பாட்டு நிற்காது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழுவில் சிறுவர்கள் 16 பேர். கிறிஸ்துமஸ் ஆராதனையைத் தொடங்கும் தனிக்குரல் யாருடையது என்பது பாடும் நொடியில்தான் அவர்களுக்கே தெரியும். ஒருவன் இரவெல்லாம் பதறுவதற்குப் பதில் பலர் தயாராக நிற்கிறார்கள்.

குரல் உடைந்தவனிடம் சுருதி கொடுக்கும் வேலையை ஒப்படையுங்கள். சுருதிக் கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டி, அது தரும் 'ஏ' ஸ்வரத்தைக் கேட்டு, பாட்டின் முதல் ஸ்வரத்தைக் கணக்கிட்டு முனகிக் காட்ட வேண்டும். அதற்குப் பழைய குரல் தேவைப்படாது. எந்த ஸ்தாயியில் முனகினாலும் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.