டப்பாவில் வரும் கர்ப்பப்பை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்தும் அம்மாப்பேட்டைத் தறி வீடுகளிலிருந்தும் சேலம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளும் பெண்களில் பலருக்குக் காரணம் நார்க்கட்டிதான் (ஃபைப்ராய்டு என்னும், புற்றல்லாத தசைக் கட்டி). ஆபரேஷன் முடிந்ததும் கர்ப்பப்பையை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு வீட்டார் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். "கட்டியைத்தான் எடுத்தாச்சுங்களே, இன்னும் எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. ஸ்கேனில் நார்க்கட்டி போலவே தெரிவது சில நேரம் சார்கோமா என்னும் புற்றாக இருக்கும். அரிதுதான், கர்ப்பப்பைப் புற்றுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆனால் அது தசைச் சுவருக்குள் வளர்வதால், முன்கூட்டிச் சுரண்டி எடுக்கும் பயாப்சியில் சிக்காமல் போகலாம்.

நார்க்கட்டியை வெட்டினால் நூல்கண்டைக் குறுக்கே அறுத்ததுபோல் வெண்மையாக, சுழிசுழியாக, கெட்டியாக இருக்கும். சார்கோமா பெரும்பாலும் மீன் சதைபோல மெத்தென்று, இரத்தக் கசிவோடு இருக்கும். லேபில் நாங்கள் சந்தேகமான இடங்களிலிருந்து நிறையத் துண்டுகள் எடுத்து, மெழுகில் பதித்து, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் வைத்துச் சாயம் ஏற்றுகிறோம்.

தசையில் தோன்றும் லெயோமயோசார்கோமாவுக்கு மூன்றைப் பார்ப்போம்: செல்களின் உட்கருக்கள் கோணல்மாணலாக இருக்கின்றனவா, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, கட்டி தானாகச் செத்திருக்கிறதா. வழக்கமான வகையில் இரண்டு பொருந்தினால் சார்கோமா. மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அளவு மாறும் என்பதால், இப்போது செல் பிரிவைச் சதுர மில்லிமீட்டர் கணக்கில் எண்ணுகிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் 4 அல்லது அதற்கு மேல் என்பது எல்லை.

மூன்றாவதுதான் கண்ணை ஏமாற்றும். இரத்தம் கிடைக்காமல் சாதாரண நார்க்கட்டியும் சாகும். அங்கே உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே நார்த்திசு வரப்பு போட்டிருக்கும். சார்கோமாவில் வரப்பே இல்லை. உயிருள்ள செல்லை ஒட்டியே செத்த செல். எந்தப் பக்கமும் சேராத கட்டிகளும் உண்டு. அப்போது "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதுவதே நேர்மை என்பேன்.

இனி என்னாகும் என்பதையும் இதே சோதனை கொஞ்சம் சொல்லும். கர்ப்பப்பைக்குள்ளேயே நின்ற லெயோமயோசார்கோமாவில் 5 சென்டிமீட்டர் ஒரு முக்கிய அளவு; அதைத் தாண்டினால் ஸ்டேஜ் ஏறும். அது இரத்தம் வழியே நுரையீரலுக்குப் போகக்கூடியது. கர்ப்பப்பையின் உள்வரிச்சவ்வைத் தாங்கும் திசுவில் வரும் வீரியம் குறைந்த சார்கோமா மெல்ல வளரும், ஹார்மோன் மருந்துக்கும் பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் பத்து வருடம் கழித்தும் திரும்பலாம். அப்படி நுரையீரலில் நிழல் தெரிந்து ஒருவர் வந்தால், நாங்கள் முதலில் கேட்பது அன்றைய மெழுகு பிளாக்கைத்தான்.