டைனோ மேல கார் ஓடுறப்ப என்னதான் நடக்குது?

ரீமேப் பண்ணி (இன்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தறது), ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாத்திட்டு "இப்ப எத்தனை எச்.பி. இருக்கும்?"னு ஒரு நண்பர் கேட்டாரு. சத்தம் கூடிருச்சு, அப்ப பவரும் கூடியிருக்கும்ங்கறது அவரோட நம்பிக்கை (பல்லி விழுந்த பலன் பாக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல). அளந்து பாத்துரலாமே, இன்ஜினைக் கழட்டக்கூட வேணாம், வீலுக்கு வர்ற பவரை அளக்கற மெஷின், சேசிஸ் டைனோ எதுக்கு இருக்கு?

காரை பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, ஓட்டுற வீலை பெரிய இரும்பு உருளை மேல நிறுத்தி, முன்னாடி ஃபேனை ஓட விட்டு, நாலாவது கியர் மாதிரி 1:1-க்கு (கியர்பாக்ஸுக்குள்ள போற வேகமும் வெளிய வர்ற வேகமும் ஒண்ணு) பக்கத்துல இருக்கற கியர்ல ஆக்சிலரேட்டரை ரெட்லைன் (இன்ஜினோட உச்ச ஆர்பிஎம்) வரைக்கும் மிதிக்க வேண்டியதுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி என்னன்னா, இனர்ஷியா டைனோவுல விசையை அளக்க தனியா எதுவுமே தேவையில்ல. கனமான உருளை, ஒரு வேக சென்சார், ஒரு கடிகாரம், அவ்ளோதான்! அந்த உருளையைச் சுத்த வைக்கறது 1000 கிலோவை நேரா தள்ளறதுக்கு சமம்னு வெச்சுக்குங்க. விளிம்பு வேகம் நொடிக்கு 20 மீட்டர்ல இருந்து 40 மீட்டருக்கு ஏறுது. ஸ்கூல்ல படிச்ச அரை எம்வி ஸ்கொயரைப் போட்டா 2 லட்சம் ஜூல் 8 லட்சமாகுது, ஆக உள்ள போனது 6 லட்சம் ஜூல். இதுக்கு 8 நொடி ஆச்சுன்னா சராசரி 75 கிலோவாட், கிட்டத்தட்ட 100 எச்.பி. அதே வேலை 6 நொடியில முடிஞ்சா 100 கிலோவாட், அதாவது 134 எச்.பி. மெஷின் இதே கணக்கை குட்டிக் குட்டித் துண்டா போட்டுகிட்டே போறதாலதான் வளைஞ்சு ஏறுற அந்த கிராஃப் வருது. கிலோவாட்டை 9549-ஆல பெருக்கி ஆர்பிஎம்மால வகுத்தா டார்க்கும் (சுத்து விசை) கிடைச்சிரும், நியூட்டன் மீட்டர்ல.

கியர்பாக்ஸும் டயரும் தின்னது போக மிச்சம்தான் இங்க தெரியும், அதனால கம்பெனி சொல்ற நம்பரை விட குறைச்சலா வந்தா பதறாதீங்க. சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி, அதுக்காக ரிசல்ட்டை எஸ்ஏஇ ஜே1349ங்கற தர விதிப்படி 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் நிலைமைக்கு மாத்திக் காட்டுவாங்க. டர்போ காருங்க பூஸ்டை (இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கற அழுத்தம்) தானே சரிக்கட்டிக்கறதால அங்க இந்தத் திருத்தம் நம்பரை சும்மாவே ஊதிவிட வாய்ப்பிருக்கு. என்னைக் கேட்டா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஒரே மெஷின்ல, ஒரே நாள்ல, ஒரே கியர்ல எடுத்த ரெண்டு கிராஃப்பைத்தான் நம்புவேன்.

இன்னொரு கூத்து, லேசான அலாய் வீல் போட்டாலே இந்த டைனோவுல எச்.பி. ஏறும். இன்ஜின்ல ஒரு மாத்தமும் இல்ல, வீல் தன்னைத்தானே சுத்திக்கறதுக்கு தின்ன ஆற்றல் குறையுது, மிச்சம் உருளைக்குப் போகுது. எடி கரன்ட் பிரேக் (காந்தத்தால உருளையை இழுத்துப் பிடிக்கறது) போட்டு ஆர்பிஎம்மை ஒரே இடத்துல பிடிச்சு வெச்சு அளந்தா இந்த வித்தை பலிக்காது, ஏன்னா வேகமே கூடாதப்ப வீலோட எடைக்கு அங்க வேலையே இல்ல.

இதையெல்லாம் சொல்லி முடிச்சப்புறம்தான் நண்பர் மெதுவா சொல்றாரு, எக்ஸாஸ்டோட சேத்து வீலையும் மாத்திட்டாராம்.